வாயில்காப்போன் சொரிமுத்து உயிரைக் கொடுத்த கதை

தும்பைக்குறிச்சிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அந்த ஊருக்கு இருக்கிற பெருமையும் அதுதான், அந்த ஊர்க்காரர்களோடு பழகுகிறவர்களுக்கு இருக்கிற கஷ்டமும் அதுதான். ஒரு சமயம் அங்கேயிருந்து பதினோரு பேர் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர், "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ, போய்க்கிட்டே இரு" என்றார். பதினோரு பேரும் போய்க்கொண்டே இருந்து, முன்வாசல் வழியாக இறங்கி, அப்படியே நடந்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸில் போனதாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த ஊரின் பங்குனித் திருவிழாக் குழுவுக்குச் செயலாளர் சொரிமுத்து. கயிற்றுக்கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் போன வருஷத் திருவிழாவிலிருந்து அவர் மனசில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

போன வருஷம் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். பாடகர் மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கும்போதே கூட்டம் எழுந்து போக ஆரம்பித்தது. முடிவில் பந்தலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆடு. அதுவும் பாட்டுக்காக இருக்கவில்லை, பாடகரின் மாலைக்காக இருந்தது. பாவம், அவர் ஆட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மங்களம் பாடி முடித்தார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்றால், சொரிமுத்து மனைவி பூரணத்தின் அண்ணன் வெயிலுகந்தான். பக்கத்து ஊரான மேலப்பனையூர்க்காரர். அடுத்த வாரம் சந்தையில் மாப்பிள்ளையைக் கண்டதும், நடுச்சந்தையில் நின்று, "மே" என்றார். அன்றிலிருந்து ஒரு வருஷம், கல்யாண வீடானாலும் சரி, சாவு விழுந்த துஷ்டி வீடானாலும் சரி, சொரிமுத்துவைக் கண்டால் அவருக்கு "மே"தான்.

அதனால் இந்த வருஷம் விழா ஒழுங்காக நடக்கவேண்டும் என்று சொரிமுத்து ஒரே பிடியாக இருந்தார். ராஜபார்ட் கோமதிநாயகம் குழுவின் நாடகத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது கோமதிநாயகத்திடமிருந்து ஒரு கட்டு நோட்டீசும் ஒரு கடிதமும் வந்தன. குழுவினர் கயிற்றுக்கடையில் கூடி, ஆளுக்கொரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார்கள். மொத்தம் நாலு பேர். சொரிமுத்து ஒருவர். தலைவர் மாடக்கண்ணு, கனமான மூக்குக் கண்ணாடிக்காரர், கண்ணை மூடி யோசிக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பூலுடையார், வெயிட்டு தூக்கவென்றே பிறந்த உடம்பு. கடைசியாக நயினார், எதற்கும் ஒரு சந்தேகம் கேட்பவர்.

சொரிமுத்து கடிதத்தை உரக்கப் படித்தார்:

"அன்புடையீர், பங்குனி உத்திரத்தன்று மாலை நாலு மணிக்கு வந்து சேருவோம். இரவு வேறு ஊரில் ஆட்டம் இருப்பதால் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்வோம். மேடையை நன்றாகத் தூக்கிக் கட்டவும். மேடை கிழக்கே பார்த்து இருக்கவேண்டும். நோட்டீசை ஒட்டும்போது ஊரில் ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது. எங்கள் ஆர்மோனியக்காரர் பெட்டியைத் தொட்டால் கூட்டத்தைக் கட்டிப் போட்டுவிடுவார், ஆகவே கவலை வேண்டாம். வாயில்காப்போன் வேஷம் போடுகிறவருக்கு அம்மை போட்டிருக்கிறது. உங்கள் ஊரிலேயே ஓர் ஆளைத் தயார் செய்து வைக்கவும். வசனம் அதிகம் இல்லை. ஆனால் உயிரைக் கொடுத்து நடிக்கிற ஆளாக இருக்கவேண்டும்."

கடிதம் நாலு பேர் கைக்கும் ஒரு சுற்று போய் வந்தது.

"ஒரு சந்தேகம்" என்றார் நயினார். "ஆர்மோனியக்காரருக்கு ரெண்டு கையும் பெட்டி மேல இருக்கும். அவரு எதை வச்சுக் கூட்டத்தைக் கட்டுவாரு?"

"அது அவரு பாடு வே" என்றார் பூலுடையார். "நம்மகிட்ட கயிறு கூடக் கேக்கலியே."

மாடக்கண்ணு கண்ணை மூடினார். திறந்தார். "விருந்தாளி வாய்விட்டுக் கேக்கமாட்டாரு. நாமதான் தெரிஞ்சு செய்யணும். போன வருஷம் கூட்டம் ஏன் எந்திரிச்சுப் போச்சு?"

மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"கட்டல. அதான் போச்சு."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டும் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே! சொரிமுத்து தன்னைச் சுற்றிக் கிடந்த கயிற்றுச் சுருள்களைப் பார்த்தார். கடை நிறையக் கயிற்றை வைத்துக்கொண்டு ஊர் மானத்தை விட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்ததாக, உயிரைக் கொடுப்பது யார் என்ற பேச்சு வந்தது.

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் கிடையாது" என்றார் மாடக்கண்ணு. "ஆனா கடைசியில நன்றியுரை நான்தானே சொல்லணும்?"

"எனக்குச் சித்திரையில வீடு மாத்துத வேலை கிடக்கு" என்றார் பூலுடையார். "ஆட்டுரல் இருக்கு, பீரோ இருக்கு. நான் இல்லைன்னா யாரு தூக்குவா?"

"எனக்கு ஞாபகமறதி" என்றார் நயினார். "உயிரைக் கொடுத்துட்டு வசனத்தை மறந்துட்டேன்னு வையும், கொடுத்த உயிர் வீணாப் போயிரும்."

மூன்று பேர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. சொரிமுத்து கடிதத்தை மடித்தார். பிரித்தார். காதுக்குள் "மே" என்று ஒரு சத்தம் கேட்டது.

"நான் கொடுக்கேன்" என்றார்.

மூவரும் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உத்திரத்துக்கு முந்தின நாள் மறந்துபோய் வெளியூர் எங்கும் போய்விட வேண்டாம் என்று நயினார் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் பூரணம் வெயிலில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"பூரணம், உத்திரத்தன்னைக்கு நான் செத்துப்போவேன்" என்றார் சொரிமுத்து.

"எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு மேல. பொழுது சாயுததுக்குள்ள."

பூரணம் விரலை மடக்கி யோசித்தாள். "அப்ப மத்தியானச் சோத்துக்கு இருப்பிய. ராத்திரிக்குத்தான் இருக்கமாட்டிய." அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உயிரைக் கொடுக்காம நடிக்க முடியாதா?"

"லெட்டர்ல போட்டிருக்கு."

"லெட்டர்லயே போட்டிருக்கா? அப்ப என்ன செய்ய முடியும்?" என்று மிச்ச மாவையும் பிழிந்து முடித்தாள்.

ஆனால் அன்றிலிருந்து அவள் அடுப்பு அணையவில்லை. ஒருநாள் உளுந்தங்களி, ஒருநாள் சொதி, ஒருநாள் அதிரசம் என்று எட்டு நாளும் புருஷனுக்குப் பிடித்ததையெல்லாம் செய்து போட்டாள். சாகப்போகிறவருக்கு உடம்பு ஒரு சுற்று பெருத்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டார். "உத்திரத்தன்னைக்குச் சாவுதேன். வந்துருங்க." எல்லோரும், "கட்டாயம் வந்துருதோம். உங்க வீட்டு விசேஷத்துக்கு வராமலா?" என்றார்கள். ஒரு வீட்டில் காப்பி கூடக் கொடுத்தார்கள்.

வேலைகள் ஒருபக்கம் மும்முரமாக நடந்தன.

கோயில் பின்னால் நாலு புளியமரங்கள் சதுரமாக நின்றன. நடுவில் பலகையை அடித்து மேடை தயார் செய்தார்கள். பிறகு பூலுடையார் ஆள் சேர்த்து மேடையைத் தூக்கினார். "தூக்கியாச்சு" என்றார் நெஞ்சு மட்டத்தில் பிடித்துக்கொண்டே. "எங்க கட்டணும்?"

"மரத்துலதான். வேற எங்க கட்டுவீரு, வானத்துலயா?" என்றார் மாடக்கண்ணு.

நாலு மூலைக்கும் நாலு மரக்கிளையில் சொரிமுத்து கடைக் கயிற்றால் கட்டினார்கள். மூன்று மூலையைப் பூலுடையார் இறுக்கிக் கட்டினார். நாலாவது மூலையை நயினார் கட்டினார். விழா முடிந்ததும் அவிழ்க்கச் சிரமமாக இருக்குமே என்று அவருக்குச் சந்தேகம் வந்ததால், தட்டினால் அவிழ்கிற மாதிரி ஒரு முடிச்சாகப் போட்டார். கையை விட்டதும் மேடை அழகாக ஆடியது.

"இப்ப கிழக்கே பாக்குதா?" என்று கேட்டார் சொரிமுத்து.

எல்லோரும் மேடையைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "பாக்கல" என்றார் நயினார். "கண்ணே இல்லையே, எப்படிப் பாக்கும்?"

கிழக்குப் பக்கத்துப் பலகையில் அரிசி புடைக்கிற சொளவு அகலத்துக்கு இரண்டு கண்கள் வரைந்தார்கள். இமை, புருவம் எல்லாம் வைத்தார்கள். அப்போதும் தலைவருக்குத் திருப்தியில்லை. கண்ணு இருந்தால் மட்டும் போதாது, பார்வை இருக்கவேண்டும். எனக்கும்தான் கண்ணு இருக்கிறது, கண்ணாடி இல்லாவிட்டால் என்ன தெரிகிறது என்றார். அதனால் தன் கண்ணாடியைக் கழற்றி இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஆணியடித்து மாட்டினார். அதற்குப் பிறகு மேடை நன்றாகப் பார்த்தது. மாடக்கண்ணு வீட்டுக்குப் போகிற வழியில் கிணற்று மேட்டில் மோதி, அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

நோட்டீஸ் வேலை நயினாருடையது. மைதா மாவுப் பசையைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, ஊரில் ஒருத்தரை விடாமல் ஒட்டினார். நெற்றியில் ஒட்டினால் கண்ணை மறைக்கும், வயிற்றில் ஒட்டினால் சாப்பிடும்போது கிழியும் என்று பார்த்து எல்லோருக்கும் முதுகில் ஒட்டினார். ஒட்டிக்கொண்டவர்களுக்குத் தங்கள் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே நோட்டீஸ்தான் என்று கேள்விப்பட்டு, முன்னால் போகிறவர் முதுகைப் படிக்க ஆரம்பித்தார்கள். அவர் நிற்காமல் தனக்கு முன்னால் போகிறவர் முதுகைப் படித்துக்கொண்டு போனார். இப்படியே ஒருவர் பின்னால் ஒருவராகக் கோயிலைச் சுற்றி ஊரே ஒரு வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் போன வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, தும்பைக்குறிச்சியில் திருவிழா இப்போதே களைகட்டிவிட்டது என்று நாலு ஊருக்குச் சொன்னார்கள்.

உத்திரத்தன்று சரியாக நாலு மணிக்கு நாடகக் குழுவின் வேன் வந்து நின்றது. மாடக்கண்ணு சால்வையோடு ஓடினார். கண்ணாடி இல்லாததால் முதலில் இறக்கி வைத்த ஆர்மோனியப் பெட்டிக்குச் சால்வையைப் போர்த்தி, "பிரயாணம் சௌரியமா?" என்று விசாரித்தார். பெட்டி பதில் சொல்லவில்லை. "களைப்பா இருக்காரு, தொந்தரவு பண்ணாதிய" என்று மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னார்.

கோமதிநாயகம் இறங்கி மேடையைப் பார்த்தார். மேடையும் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தது.

"என்னய்யா இது?"

"நீங்க சொன்னபடி தூக்கிக் கட்டியிருக்கோம்" என்றார் பூலுடையார்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். பிறகு மணியைப் பார்த்தார். ராத்திரி ஆட்டம் ஞாபகத்துக்கு வந்து வாயை மூடிக்கொண்டார்.

ஓலைத் தட்டிக்குப் பின்னால் சொரிமுத்துவுக்கு வேஷம் போட்டார்கள். எட்டு நாள் சாப்பாட்டினால் சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் பூட்டவில்லை. பூட்டாத இடத்தில் தன் கடைக் கயிற்றையே கட்டிக்கொண்டார். மீசை ஒட்டி, கையில் ஒரு மர ஈட்டியைக் கொடுத்தார்கள்.

"ஐயா" என்று கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார் சொரிமுத்து. "உயிரை எப்பக் கொடுக்கணும்?"

"ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கொடுக்கணும்யா."

"கொஞ்சம் கொஞ்சமாவா?"

"விட்டு விட்டுக் கொடுத்தா எடுபடாது. ஒரே சீராக் கொடுக்கணும்." கோமதிநாயகம் கிரீடத்தை மாட்டிக்கொண்டே பாடம் சொன்னார்: "அரண்மனை வாசல்ல நீ நிக்கணும். ராஜா உத்தரவு இல்லாம ஓர் ஈ கூட உள்ள நுழையக் கூடாது. யாரு வந்தாலும் 'நில்லும், யார் நீர்?'னு கேக்கணும். வேற ஒண்ணும் செய்யவேண்டாம்."

சொரிமுத்து இதை மூன்று தடவை திருப்பிச் சொல்லி மனசில் ஏற்றிக்கொண்டார். ஒரே சீராக உயிரைக் கொடுப்பது எப்படி என்பதுதான் விளங்கவில்லை. மூச்சைக் கொஞ்சம் குறைத்து விட்டுப் பார்த்தார்.

வெளியே கூட்டம் வந்து உட்கார உட்கார, பூலுடையார் கயிற்றோடு வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டே போனார். ஒருவர் கையைப் பக்கத்து ஆள் கையோடு சேர்த்து, அதை அதற்கடுத்த ஆளோடு சேர்த்து, பூ தொடுக்கிற மாதிரி. யாரும் முகம் சுளிக்கவில்லை. "கொஞ்சம் தளர்த்திக் கட்டும் வே, மூக்கு அரிச்சா சொறியணும்" என்று ஒருவர் மட்டும் கேட்டார். பக்கத்து ஆள் மூக்கைச் சொறிந்துவிடுவதாக ஏற்பாடாயிற்று.

வெயிலுகந்தான் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். தங்கச்சி பூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க ஆட்டைக் காணும்?" என்று கேட்டு முடிப்பதற்குள் முதுகில் நோட்டீசும் கையில் கயிறும் ஏறிவிட்டன.

"ஏய், என்ன வே செய்யுதீரு?"

"ஆர்மோனியக்காரருக்கு ஒத்தாசை" என்றார் பூலுடையார். எல்லோரையும் கட்டி, முன்வரிசையில் மாடக்கண்ணுவையும் நயினாரையும் கட்டி, கடைசி முனையில் தன்னையும் சேர்த்து, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார்.

நாடகம் தொடங்கியது.

ஆர்மோனியக்காரர் முதல் கட்டையை அழுத்தியதும் பெட்டி மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. அவர் வாசித்துக்கொண்டே பின்னால் போனார். ராஜா இடப்பக்கம் அடி வைத்தால் மேடை வலப்பக்கம் போனது. ராணி வேஷம் போட்ட வடிவாம்பாள், அரண்மனைக்குள் சிம்மாசனத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ராஜாவின் வருகைக்காகப் பாடினாள். பாட்டு கிட்டத்தில் வந்தது, தூரத்தில் போனது. மேடை ஆடுகிற பக்கமெல்லாம் கூட்டமும் கட்டுண்டபடியே ஆடியது. இவ்வளவு ஒன்றிப்போய்ப் பார்க்கிற கூட்டத்தைக் கோமதிநாயகம் எங்கும் கண்டதில்லை.

ராஜா போர் முடிந்து திரும்பி அரண்மனை வாசலுக்கு வந்தார். சொரிமுத்து ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லும்! யார் நீர்?"

இந்த இடத்தில் இந்தக் கேள்வி கிடையாது. மந்திரி வரும்போதுதான். ஆனாலும் கோமதிநாயகம் பழம் தின்று கொட்டை போட்ட நடிகர், சமாளித்தார். "யாம் இந்த நாட்டின் மன்னர்!"

"ராஜா உத்தரவு இருக்கா?"

"யாமே ராஜா!"

"ராஜான்னா அரண்மனைக்குள்ள இருப்பாரு. நீரு வெளிய நிக்கீரு."

"உள்ளே போகத்தான் வந்திருக்கிறோம்!"

"உள்ள போகணும்னா ராஜா உத்தரவு வேணும்."

"அந்த உத்தரவை யாமே தருகிறோம்!"

சொரிமுத்து நன்றாக யோசித்தார். "வெளிய இருந்து தாற உத்தரவு எப்படிச் செல்லும்? உள்ள போயி ராஜாவா உக்காந்து உத்தரவு தாரும். அப்புறம் வெளிய வாரும். நான் உள்ள விடுதேன்."

"உள்ள போகத்தான்டா விடமாட்டேங்கியே!" என்று கோமதிநாயகம் தன்னை மறந்து சத்தம் போட்டார்.

ராணி சிம்மாசனத்திலிருந்து கெஞ்சினாள். "காவலரே, அவரே என் நாதர். விட்டுவிடும்."

"அம்மா, நீங்க உள்ள இருக்கிய. வெளிய நிக்கிற ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியாது. காலம் கெட்டுக் கிடக்கு."

கோமதிநாயகம் கிட்டத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "யோவ், விட்டுருய்யா. நான் அடுத்த ஊருக்கு வேற போகணும்."

"கேட்டீயளா?" என்று சொரிமுத்து கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "அடுத்த ஊருக்குப் போற ஆளாம்! ராஜான்னு சொல்லுதாரு!"

கூட்டம் கொந்தளித்துவிட்டது. "விடாதேயும்!" என்று கட்டிய கைகளை மொத்தமாகத் தூக்கி ஆர்ப்பரித்தது. எல்லோரையும்விட உரக்கக் கேட்டது வெயிலுகந்தானின் குரல்தான். "விடாதிய மாப்ள! செத்தாலும் விடாதிய!"

ஒரு வருஷத்துக்குப் பிறகு மச்சான் வாயிலிருந்து "மே" தவிர வேறு வார்த்தை வந்திருக்கிறது. சொரிமுத்துவுக்கு இந்த வார்த்தைக்காகவே உயிரைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் அந்த ஈ வந்தது.

எங்கிருந்தோ வந்து, ராஜாவின் கிரீடத்தில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, ஈட்டிக்கு மேலே பறந்து நேராக அரண்மனைக்குள் போனது. சொரிமுத்து அதிர்ந்துபோனார். "நில்லும்! யார் நீர்?" என்று விரட்டிக்கொண்டு ஓடினார். ஈ ராணியைச் சுற்றியது, ஆர்மோனியத்தைச் சுற்றியது, கடைசியில் மேடையின் மூலையில் நயினார் போட்ட முடிச்சின் மேல் போய் உட்கார்ந்தது. சொரிமுத்து ஈட்டியை ஓங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து ஒரு போடு போட்டார்.

ஈ தப்பித்துக்கொண்டது. முடிச்சு அவிழ்ந்தது.

மேடையின் ஒரு மூலை கீழே போக, ராஜா மல்லாந்தபடி அரண்மனை வாசல் வழியாக உள்ளே சறுக்கிக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை. சிம்மாசனத்தில் மோதி, ராணியையும் ஆர்மோனியத்தையும் அதன் பின்னால் வந்த ஆர்மோனியக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரு குவியலாக நின்றார். சொரிமுத்து, "உத்தரவு இருக்கா?" என்று கேட்டபடியே விளிம்பைத் தாண்டிக் கீழே கிடந்த வைக்கோல் படப்பில் போய் விழுந்தார்.

கண்ணை மூடிக் கிடந்தார். எங்கேயும் வலிக்கவில்லை. செத்தவர்களுக்கு வலிக்காது என்று கேள்விப்பட்டிருந்தார். ஆக, கொடுத்தாயிற்று. கையைக் காலை நேராக நீட்டிப் படுத்துக்கொண்டார்.

கோமதிநாயகம் குவியலுக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தார். மேடையே சரிந்திருக்கிறது, ஒரு ஆள்கூட எழுந்திருக்கவில்லை. அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. "முப்பது வருஷமா ஆடுதேன். கடைசி வரைக்கும் அசையாத ரசிகர்களை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று கும்பிட்டு, படுத்த வாக்கிலேயே மங்களம் பாடினார். பிறகு எல்லாவற்றையும் அள்ளி வேனில் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே சந்தோஷமாகப் புறப்பட்டுப் போனார்.

வேன் சத்தம் அடங்கியது. வெயில் மஞ்சளாக இருந்தது. ஊரே கட்டுண்டு உட்கார்ந்திருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றார் நயினார். "இப்ப யாரு அவுக்கது?"

கட்டியவர் பூலுடையார். அவர் கையும் கட்டில் இருந்தது. எல்லோர் கண்ணும் வைக்கோல் படப்பு பக்கம் திரும்பியது. ஊரில் கட்டப்படாத ஆள் அவர் ஒருவர்தான்.

"ஏ சொரிமுத்து!" என்று கூப்பிட்டார் மாடக்கண்ணு.

"செத்துட்டேன் அண்ணாச்சி" என்றார் சொரிமுத்து, கண்ணைத் திறக்காமல்.

"எப்ப?"

"இப்பத்தான். விழுந்த உடனே."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நல்ல மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெயிலுகந்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார். "இனிமே சந்தையில யாரைப் பாத்து 'மே'ம்பேன்!" கையால் கண்ணைத் துடைக்க முடியாததால் பக்கத்து ஆள் துடைத்துவிட்டார்.

"அழுதது போதும், கட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார் நயினார். "செத்தவரு எந்திரிச்சு வந்து அவுக்கலாமா?"

"முறையில்லை" என்றார் மாடக்கண்ணு. "எந்த ஊர்லயும் இல்லாத வழக்கம்."

அரை மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் பூரணம்தான் தொண்டையைச் செருமினாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். அவுகளை இப்படியே போட்டுட்டுப் போக முடியாது. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். தூக்க நாலு பேரு வேணும். நாலு பேரு கையும் கட்டிக் கிடந்தா யாரு தூக்குவா?" பிறகு படப்பைப் பார்த்து, "ஏங்க, உங்களைத் தூக்குததுக்குத்தான் கேக்கேன். நாலு பேரை மட்டும் அவுத்து விட்டுட்டுப் படுத்துக்கிடுங்க" என்றாள்.

சொரிமுத்துவுக்கு அது நியாயமாகப் பட்டது. தன் சாவு வேலைக்குத் தானே ஒத்தாசை செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? எழுந்து வந்து மாடக்கண்ணு, பூலுடையார், நயினார், வெயிலுகந்தான் ஆகிய நாலு பேர் கட்டையும் அவிழ்த்தார். மச்சான் கையில் கயிறு இறுக்கிக் கன்றியிருந்த இடத்தைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் மடமடவென்று போய்ப் பழையபடி படுத்துக்கொண்டார்.

அவரைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் முன்னால் நடக்க, மிச்ச ஊர் கயிற்றில் கோத்தபடியே பின்னால் வந்தது. எதிரே வந்த வெளியூர்க்காரர்கள் இது சுவாமி புறப்பாடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். வீட்டில் அவரைக் கட்டிலில் இறக்கிவிட்டு, நாலு பேரும் மற்றவர்களை அவிழ்த்துவிட்டார்கள். பூரணம் இலை போட்டு வடை, பாயசத்தோடு படையல் வைத்தாள். செத்தவர்களுக்கு வைத்ததை வேறு யார் சாப்பிடுவது என்று சொரிமுத்து எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் மட்டும் இரண்டாம் தடவை கேட்டார்.

மறுநாளிலிருந்து கடைக்குப் போனார். கயிறு வாங்க வந்தவர்கள் துக்கம் விசாரித்துவிட்டு, வேண்டிய அளவைச் சொன்னார்கள். அவரும் வருத்தத்தோடு அளந்து கொடுத்தார்.

பத்து நாள் கழித்து விழாக் குழு கூடியது. கயிற்றுக்கடையில்தான். செயலாளர் இடம் காலியாக இருந்ததால் புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருந்தது.

"மறைந்த செயலாளர் மாதிரி லெட்டர் படிக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்" என்றார் மாடக்கண்ணு.

"பொறுப்பான ஆளா இருக்கணும்" என்றார் பூலுடையார்.

நயினார் கடையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த சொரிமுத்து மேல் கண் நின்றது. "இவரு எப்படி? ஆளு பார்க்க அவரு சாயலாவே இருக்காரு."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. சொரிமுத்து மட்டும் தயங்கினார். "அவரு உக்காந்த இடத்துல நான் உக்காருததா? எனக்கு அந்தத் தகுதி கிடையாது" என்றார். ரொம்ப வற்புறுத்தியதால் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

பதவி ஏற்கும் முன்னால், மறைந்த செயலாளருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌனமாக அஞ்சலி செலுத்தவேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். நாலு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். ஒரு நிமிஷம் முடிந்து மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

சொரிமுத்து உட்காரவில்லை. தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினார்.

"போதும், உக்காரும் வே" என்றார் மாடக்கண்ணு தேற்றுகிற குரலில். "எங்களுக்கும்தான் வருத்தம்."

"நீங்க அவரோட வெளியில பழகினவங்க அண்ணாச்சி" என்றார் சொரிமுத்து, மூக்கைச் சிந்திக்கொண்டே. "நான் அவரு கூடவே இருந்தவன்."